பிரிட்டிஷ் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: ரிவ்யூக்களில் வராத கேள்விகள்

கம்ப்யூட்டர் இதழில் ரேஞ்ச் ரோவருக்கும் ஜாகுவாருக்கும் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் சில வாரங்களில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். சினிமாப் பாடல், சமையல், கோவில் திருவிழா. இவற்றிற்கு அடுத்து கார் வீடியோதான். அதிலும் பெண்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், ரோல்ஸ் ராய்ஸ், மெக்லாரன், ரேஞ்ச் ரோவர் என்று பிரிட்டனில் உருவான விலை உயர்ந்த கார்கள் என்றால், வீட்டில் உள்ள பிள்ளைகள் மானிட்டரை விட்டு நகர மாட்டார்கள். சங்கரன்கோவில் போன்ற ஊரில் இந்த கார்களை நேரில் பார்ப்பது அரிது. திரையில் பார்ப்பதற்குச் செலவில்லை.

பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இந்த ரிவ்யூக்களை எழுதுபவர்களும், வீடியோ எடுப்பவர்களும் ஒரு முக்கியமான பொருளைப் பரிசோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். எத்தனை விநாடியில் 100 கிலோ மீட்டர் வேகம், இருக்கையில் எந்தத் தோல், எத்தனை ஸ்பீக்கர் என்று சொல்வார்கள். இதில் ஓடும் சாப்ட்வேருக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும், சாவியின் சிக்னலைத் திருட முடியுமா, திரை வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல மாட்டார்கள். இவை நீங்கள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்ட கேள்விகள். இரண்டு கோடி ரூபாய் காருக்கு அந்தக் கேள்விகளைக் கேட்காத பத்திரிகையாளரை விட, நாற்பதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டருக்குக் கேட்ட நீங்கள் கெட்டிக்காரர் என்பது என் கருத்து.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

"நாம் என்ன ரேஞ்ச் ரோவரா வாங்கப் போகிறோம்?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் இந்த கார்கள் இப்போது நம்மை விட்டு அவ்வளவு தூரத்தில் இல்லை. 2008ஆம் ஆண்டில் டாட்டா மோட்டார்ஸ், ஃபோர்டு கம்பெனியிடம் இருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கியது. 2011ல் புனேயில் லேண்ட் ரோவர் கார்களைப் பூட்டி இணைக்கும் வேலை தொடங்கியது. 2024ல் ரேஞ்ச் ரோவரும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டும் இங்கேயே பூட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, அவற்றின் விலை பல லட்சம் ரூபாய் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, நம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா மற்றும் ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளுக்கான தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 9,000 கோடி ரூபாய். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் வரை தயாரிப்பது திட்டம். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், 100 சதவீதத்திற்கும் மேல் இருந்த கார் இறக்குமதி வரியை, குறிப்பிட்ட எண்ணிக்கை வரையிலான கார்களுக்குப் படிப்படியாக 10 சதவீதமாகக் குறைக்க வழி செய்கிறது. பைக்கிலும் இதே கதைதான். 2020ல் பிரிட்டனின் பழம்பெரும் நார்ட்டன் கம்பெனியை நம் டிவிஎஸ் வாங்கியது.

இதனால் நம் பிள்ளைகள் சிலருக்கு வேலை கிடைக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விலை உயர்ந்த காரில் இன்று வரும் வசதி, சில ஆண்டுகளில் பத்து லட்சம் ரூபாய் காருக்கு வந்துவிடும். பெரிய டச் ஸ்கிரீன், பாக்கெட்டில் சாவியை வைத்துக்கொண்டே கதவைத் திறப்பது, காருக்குள்ளேயே சிம் கார்டு, இன்டர்நெட் வழியே அப்டேட் ஆகிய எல்லாமே இப்படி இறங்கி வந்தவைதான். ராஜபாளையம் ரோட்டில் ஓடும் சாதாரணக் குடும்பக் காரிலும் இன்று இவை இருக்கின்றன. விலை உயர்ந்த காரைப் பற்றி எழுதும்போது எந்தக் கேள்வியைக் கேட்கவில்லையோ, அதே கேள்வியை நம் காருக்கும் யாரும் கேட்பதில்லை.

எண் தரும் மயக்கம்

கார் ரிவ்யூவில் எண்கள் ஏன் இவ்வளவு முக்கியமாகின? பிரிட்டனின் ஆட்டோகார் பத்திரிகை 1895ல் தொடங்கப்பட்டது. 1928ல் காரை முறையாக ஓட்டிப் பரிசோதித்து எழுதும் வழக்கத்தைக் கொண்டு வந்தது. அது நல்ல வழக்கம். ஆனால் கம்பெனிகள் விரைவில் புரிந்து கொண்டன: ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டால் பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கும்.

1949 மே மாதம் ஜாகுவார் கம்பெனி பத்திரிகையாளர்களைத் தனி விமானத்தில் பெல்ஜியத்திற்கு அழைத்துச் சென்றது. ஜாபெக் என்ற இடத்தில் நேரான நெடுஞ்சாலையில் எக்ஸ்கே 120 கார் மணிக்கு 132 மைல், அதாவது சுமார் 213 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடியது. உலகம் முழுவதும் செய்தி. ஆனால் அந்த ஓட்டத்தில் காரின் முன் கண்ணாடி கழற்றப்பட்டிருந்தது. கண்ணாடியும் கூரையும் போட்டு ஓட்டியபோது வேகம் 126 மைல்தான். வாங்குபவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டா ஓட்டப் போகிறார்?

1961ல் வந்த ஜாகுவார் இ டைப் காரை ஆட்டோகார் பரிசோதித்து மணிக்கு 150 மைல் என்று எழுதியது. அந்த எண்தான் அந்தக் காரின் புகழாயிற்று. பத்திரிகைக்குத் தரப்பட்ட கார் தனிக் கவனத்துடன் தயார் செய்யப்பட்டது. ஷோரூமில் வாங்கிய சாதாரண கார் அந்த வேகத்தை எட்டுவதில்லை என்பது பின்னர் எல்லாருக்கும் தெரிய வந்தது.

கம்ப்யூட்டர் உலகிலும் இது நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பென்டியம் 4 வந்தபோது கடைகளில் எல்லாரும் கேட்டது "எத்தனை கிகா ஹெர்ட்ஸ்?" என்றுதான். எண் பெரிதாக இருந்தாலும், பல வேலைகளில் அதை விடக் குறைந்த கிகா ஹெர்ட்ஸ் கொண்ட ஏஎம்டி அத்லான் சிப் வேகமாகவே இருந்தது. 2001ல் ஏடிஐ கம்பெனியின் ரேடியான் 8500 கிராபிக்ஸ் கார்டில் இன்னொரு வேடிக்கை. வேகத்தை அளக்க எல்லாரும் பயன்படுத்திய க்வேக் 3 என்ற விளையாட்டு ஓடுகிறதா என்று அதன் டிரைவர் சாப்ட்வேர் கவனித்து, அதற்கு மட்டும் தனி கவனிப்பு கொடுத்தது. அந்த விளையாட்டின் பைல் பெயரை க்வேக் என்பதிலிருந்து க்வாக் என்று மாற்றியதும் வேகம் குறைந்துவிட்டது. பெயரை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ரிவ்யூயருக்குத் தோன்றியதால்தான் அது வெளியே வந்தது.

பெண்ட்லியின் உரிமையாளரான வோக்ஸ்வேகன் குழுமம் 2015ல் மாட்டிக்கொண்டதும் இதே பாணிதான். டீசல் கார் புகைப் பரிசோதனையில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதைக் காருக்குள் இருந்த சாப்ட்வேரே கண்டுபிடித்து, பரிசோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்து கொண்டது. இதனைக் கண்டுபிடிக்க உதவியது மோட்டார் ரிவ்யூ அல்ல. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் குழு கருவிகளைப் பொருத்திச் சாலையில் ஓட்டி எடுத்த அளவுகள்.

விருது வாங்கிய கார் திரும்பிப் போன கதை

இன்றைய நிலைக்கு வருவோம். 2018ல் ஜாகுவார், ஐ பேஸ் என்ற எலெக்ட்ரிக் காரைக் கொண்டு வந்தது. அழகான கார். ஓட்டிய பத்திரிகையாளர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். 2019ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது கிடைத்தது. அதே ஆண்டு உலகின் சிறந்த கார் விருதுடன், சிறந்த வடிவமைப்பு, சிறந்த பசுமைக் கார் என்ற விருதுகளும் சேர்ந்து கிடைத்தன. இந்த விருதுகளுக்கு ஓட்டுப் போடுபவர்கள் மோட்டார் பத்திரிகையாளர்கள். 2021ல் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட விலையில் இந்தியாவிற்கும் வந்தது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2023ல் அமெரிக்காவில் 6,367 ஐ பேஸ் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. தீர்வு, ஒரு சாப்ட்வேர் அப்டேட். பேட்டரியில் கோளாறு தெரிந்தால் அது முன்கூட்டியே எச்சரிக்கும். ஆனால் அந்த அப்டேட் போட்ட பிறகும் சில கார்கள் தீப்பிடித்தன. எனவே 2024 ஆகஸ்டில் 2019 மாடல் கார்கள் 2,760க்கு மறுபடி அழைப்பு. 80 சதவீதத்திற்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், வீட்டிற்கு வெளியே தள்ளி நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். முடிவில் அந்தக் கார்களைக் கம்பெனியே திரும்ப வாங்கிக் கொள்ளும் நிலை வந்தது.

விருது கொடுத்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. மூன்று நாள் ஓட்டிய காரில் மூன்று வருடம் கழித்து வரும் கோளாறை யாரும் பார்க்க முடியாது. என் குறை வேறு. கார் வந்தபோது முழுப்பக்கம் எழுதியவர்களில் எத்தனை பேர் கார் திரும்பிப் போனபோது அதே இடத்தை ஒதுக்கினார்கள்? கம்ப்யூட்டர் இதழ்களில் ஒரு சாப்ட்வேரைப் பற்றி எழுதினால், அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதையும், அடைக்க பேட்ச் வந்ததையும் அடுத்தடுத்த இதழ்களில் எழுதுவது வழக்கம். காரைப் பற்றி எழுதுபவர்களுக்கு அந்த வழக்கம் வரவில்லை. வெளியீட்டு விழாவோடு கதையை முடித்துக் கொள்கிறார்கள்.

திருடர்கள் முதலில் படித்தார்கள்

ரேஞ்ச் ரோவரின் சாவியைப் பாக்கெட்டில் வைத்திருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும் என்று எத்தனை வீடியோக்களில் வியந்து சொல்லியிருப்பார்கள்! இது எப்படி நடக்கிறது? கார் ஒரு ரேடியோ சிக்னல் அனுப்புகிறது. அருகில் உள்ள சாவி பதில் சிக்னல் தருகிறது. பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும்.

இதில் உள்ள ஓட்டையை பிரிட்டனில் திருடர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவன் கையில் ஒரு கருவியுடன் வீட்டு வாசல் அருகே நிற்பான். இன்னொருவன் மற்றொரு கருவியுடன் கார் அருகே நிற்பான். காரின் சிக்னலை வீட்டுக்குள் இருக்கும் சாவி வரை இந்தக் கருவிகள் நீட்டிவிடும். சாவி பக்கத்தில் இருப்பதாக நினைத்து கார் திறந்து கொள்ளும். கண்ணாடி உடையாது, சத்தம் வராது. சாவி மேஜை மீதே இருக்கும். வாசலில் கார் இருக்காது.

பிரிட்டனில் இந்தத் திருட்டு பெருகியதால் ரேஞ்ச் ரோவருக்குக் காப்பீடு கிடைப்பதே சிலருக்குக் கடினமானது. 2023ல் ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியே பிரிட்டனில் தன் வாடிக்கையாளர்களுக்குக் காப்பீடு ஏற்பாடு செய்தது. 2018 முதல் 2022 வரை தயாரான கார்களின் பாதுகாப்பை மேம்படுத்த ஒரு கோடி பவுண்ட் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. புதிய மாடல்களில் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறை வந்துள்ளது. சாவி உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்து அளக்கும் முறை இது. இதனை ஏமாற்றுவது கடினம்.

இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. 2015ல் அமெரிக்காவில் 65,000க்கும் மேற்பட்ட ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கதவுப் பூட்டை நிர்வகிக்கும் சாப்ட்வேரில் பிழை. ஓடும்போது கதவு தானாகத் திறந்துகொள்ள வாய்ப்பு இருந்தது. ஒரு வரிப் பிழை கம்ப்யூட்டரில் பைலை அழிக்கும். காரில் கதவைத் திறக்கும். இருந்தும் கதவுக் கைப்பிடியின் அழகை எழுதியவர்கள், பூட்டின் சாப்ட்வேரைப் பற்றி எழுதவில்லை.

தொழிற்சாலையையே நிறுத்திய வைரஸ் பயம்

2025 ஆகஸ்ட் 31 அன்று ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டது தெரிய வந்தது. சேதம் பரவாமல் இருக்க கம்பெனி தன் கம்ப்யூட்டர் அமைப்புகளை நிறுத்தியது. உடனே தொழிற்சாலைகளும் நின்றன. செப்டம்பர் 1 என்பது பிரிட்டனில் புதிய நம்பர் பிளேட் வரும் நாள். கார் விற்பனைக்கு நம் ஆயுத பூஜை போன்றது. அன்று புதிய கார்களைப் பதிவு செய்வதே தடுமாறியது. உற்பத்தி படிப்படியாகத் திரும்பத் தொடங்கியது அக்டோபர் 8 அன்றுதான்.

ஒரு மாதத்திற்கு மேல் கார் உற்பத்தி இல்லை. உதிரி பாகம் தரும் சிறு கம்பெனிகள் தவித்தன. பிரிட்டன் அரசு 150 கோடி பவுண்ட் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. இத்தகைய தாக்குதல்களை ஆராயும் சைபர் மானிட்டரிங் சென்டர் என்ற அமைப்பு, பிரிட்டன் பொருளாதாரத்திற்கு ஏற்பட்ட இழப்பை 190 கோடி பவுண்ட் என்றும், பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000க்கு மேல் என்றும் மதிப்பிட்டது.

இது பெரிய செய்தியாக வந்தது. ஆனால் வணிகப் பக்கத்தில் வந்தது. கார் பக்கத்தில் அதே வாரம் எப்போதும் போல வேகமும் தோலும்தான். கார் வாங்கியவருக்கு இதில் சம்பந்தம் உண்டு. உதிரி பாகங்களை அனுப்பும் கம்பெனியின் மையமும் பாதிக்கப்பட்டது. அது நின்றால், ஒர்க் ஷாப்பில் கிடக்கும் காருக்கு பாகம் வராது. நாளை பனப்பாக்கத்திலும் இதே போன்ற கம்ப்யூட்டர்களை நம்பித்தான் நம் பிள்ளைகளின் வேலை இருக்கும். கார் கம்பெனியின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு, எஞ்சினைப் போலவே காரின் தரத்தைச் சேர்ந்த விஷயம்.

இனி இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

அடுத்த முறை ஒரு கார் ரிவ்யூவைப் படிக்கும்போதோ, வீடியோவைப் பார்க்கும்போதோ, கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்ட்லியாக இருந்தாலும் மாருதியாக இருந்தாலும் கேள்விகள் இவைதான்.

1. அப்டேட் எத்தனை ஆண்டு வரும்? விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014லும், விண்டோஸ் 7க்கு 2020லும் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. கம்ப்யூட்டரில் புதிய சிஸ்டம் போட்டுக்கொள்ளலாம். காரில் அப்படிச் செய்ய முடியாது. காரை நாம் பத்து, பதினைந்து ஆண்டு வைத்திருப்போம்.

2. எந்த வசதிக்குப் பின்னால் சந்தா இருக்கிறது? 2022ல் பிஎம்டபிள்யூ, ரோல்ஸ் ராய்ஸின் உரிமையாளர், காரில் ஏற்கனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடேற்றும் வசதிக்கு சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வந்ததால் 2023ல் கைவிட்டது. அதே 2022ல் அமெரிக்காவில் 3ஜி நெட்வொர்க் மூடப்பட்டபோது, பல கம்பெனிகளின் பழைய கார்களில் இன்டர்நெட்டை நம்பியிருந்த வசதிகள் நின்று போயின.

3. திரை உறைந்து போனால் எவை வேலை செய்யும்? 2023ல் புதுப்பிக்கப்பட்ட ரேஞ்ச் ரோவர் வேலார் காரில் ஏசி முதலிய பலவற்றை 11.4 அங்குலத் திரைக்குள் கொண்டு போய்விட்டார்கள். படத்தில் பார்க்க அழகுதான். ஓடும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் தடவிப் பார்த்து திருகும் வசதி போய்விட்டது. இந்தத் தொல்லையை உணர்ந்துதான் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்ற சிலவற்றிற்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும் என்று விதித்தது.

4. சாவியின் சிக்னலுக்கு என்ன பாதுகாப்பு? அல்ட்ரா வைட்பேண்ட் உண்டா? சாவியில்லாமல் திறக்கும் வசதியை வேண்டாம் என்று நிறுத்தி வைக்க முடியுமா?

5. கார் சேகரிக்கும் தகவல் யாரிடம் போகிறது? 2008ல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி டெஸ்லா ரோட்ஸ்டரை ஓட்டிக் காட்டியது. பிரிட்டனின் லோட்டஸ் எலிஸ் காரின் அடிப்படையில் உருவான கார் அது. பேட்டரி தீர்ந்து காரைத் தள்ளுவது போல ஒரு காட்சி வந்தது. காரில் பதிவான கணக்குப்படி சார்ஜ் 20 சதவீதத்திற்குக் கீழே இறங்கவே இல்லை என்றது டெஸ்லா. 2011ல் வழக்குப் போட்டது. 2013ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டுபவர் செய்ததெல்லாம் காரில் பதிவாகிறது, அது கம்பெனியிடம் இருக்கிறது என்பதை அன்றே பார்த்தோம். உங்கள் காரின் பதிவு எங்கே இருக்கிறது?

வீட்டு கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்

ரிவ்யூவில் பதில் இல்லையா? உங்கள் மேஜை மீது கம்ப்யூட்டர் இருக்கிறதே. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ.வின் இணைய தளத்தைத் தேடித் திறந்து கொள்ளுங்கள். ரீகால்ஸ் என்ற பகுதியில் ஆண்டு, கம்பெனி, மாடல் ஆகிய மூன்றையும் கொடுத்தால் அந்தக் காருக்கு வந்த திரும்ப அழைப்புகள், உரிமையாளர்கள் கொடுத்த புகார்கள் எல்லாம் பட்டியலாகக் கிடைக்கும். பணம் கட்ட வேண்டாம். 2019 ஜாகுவார் ஐ பேஸ் என்று கொடுத்துப் பாருங்கள். பேட்டரி பற்றி மேலே சொன்னது அங்கே இருக்கும்.

நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 1 முதல், குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்த அரசுக்கு வழி செய்யும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்த திரும்ப அழைப்புகளை, வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் அமைப்பின் இணைய தளத்தில் காணலாம். பழைய கார் வாங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். காரின் பெயிண்டைத் தட்டிப் பார்ப்பதை விட இது பயன் தரும்.

எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மோட்டார் பத்திரிகையாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. வெளியீட்டு விழாவில் ஒரு கார் சில மணி நேரம்தான் கையில் கிடைக்கும். பயணச் செலவு பெரும்பாலும் கம்பெனியுடையது. படிப்பவர்களும் வேகத்தையும் விலையையும்தான் முதலில் தேடுகிறார்கள். ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது, பள்ளத்தில் எப்படிக் குதிக்கிறது என்பதை ஓட்டத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ரேஞ்ச் ரோவரை ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவில் ரத வீதியில் கொண்டு வந்து காட்டுங்கள் என்று அவர்களைக் கேட்கப் போவதும் இல்லை.

கேட்பது சிறியது. ஒவ்வொரு ரிவ்யூவின் முடிவிலும் எஞ்சின் விவரம் தரும் கட்டத்திற்குக் கீழே, சாப்ட்வேருக்கு ஒரு கட்டம் கொடுங்கள். எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், அப்டேட் எத்தனை ஆண்டு, சந்தா எவ்வளவு, சாவிக்கு என்ன பாதுகாப்பு, எந்த வேலைகளுக்குத் தனி பட்டன் உண்டு. கம்பெனி பதில் தராவிட்டால் "பதில் தரவில்லை" என்று போடுங்கள். ஒரு வருடம் கழித்து அதே காரின் திரும்ப அழைப்புகளைப் பார்த்து நாலு வரி எழுதுங்கள். பிரிட்டிஷ் கார்கள் இதைத் தொடங்குவதற்கு ஏற்றவை. விலை அதிகம், கம்ப்யூட்டர் அதிகம், கம்பெனிகளுக்குப் பதில் சொல்ல ஆட்களும் அதிகம். அங்கே கேட்டுப் பழகினால்தான் பத்து லட்சம் ரூபாய் காருக்கும் அந்தக் கேள்வி வரும்.

அதுவரை, வீடியோவை ரசித்துப் பாருங்கள். முடிந்ததும் மூடிவிடாமல் கீழே கருத்து எழுதும் இடத்திற்குப் போய், "இதற்கு எத்தனை ஆண்டு அப்டேட்?" என்று ஒரு வரி டைப் செய்யுங்கள். நூறு பேர் கேட்டால் அடுத்த வீடியோவில் பதில் வரும்.